வட்டத்துக்குக் கீழே ஒரு பெயர்: இணைய மேசை விளையாட்டில் டோக்கன்களுக்குப் பெயரிடுவது எப்படி?

(நம் சமுதாயக் கூடத்தில் நடந்த ஞாயிறு மாலைச் சந்திப்பில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"டோக்கன்" என்று அறிவிப்புப் பலகையில் பார்த்ததும் உங்களில் சிலருக்கு ரேஷன் கடை நினைவுக்கு வந்திருக்கும். வேறு சிலருக்கு டாக்டர் வீட்டு வரிசை. இது அந்த டோக்கன் இல்லை. சனிக்கிழமை இரவு உங்கள் வீட்டுப் பிள்ளை ஹெட்போன் மாட்டிக்கொண்டு, "நான் மூணாம் நம்பர் கோப்ளினை அடிக்கிறேன்" என்று கத்துகிறதே, அந்த மூணாம் நம்பர்தான் இன்றைய விஷயம்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக் கதைக்குள் நடமாடும் விளையாட்டு இது. ஒருவர் மட்டும் பாத்திரம் ஏற்காமல் கதையை நடத்துவார். அவருக்குக் கேம் மாஸ்டர் என்று பெயர். சண்டையில் அடி விழுந்ததா, பூட்டு திறந்ததா என்பதைப் பகடை சொல்லும். பெரும்பாலும் 20 முகங்கள் கொண்ட பகடை. இந்த வகையில் முதலில் அச்சில் வந்தது, அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974-ல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'.

இப்போது மேசை திரைக்குள் போய்விட்டது. ரோல்20 என்ற தளம் 2012-ல் வந்தது. ஃபவுண்ட்ரி என்ற மென்பொருள் 2020-ல் வந்தது. இவற்றில் கட்டம் போட்ட வரைபடம் ஒன்று திரையில் விரியும். வழக்கமாக ஒரு கட்டம் 5 அடி. அதன்மேல் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சின்ன வட்டப்படம் நிற்கும். அதுதான் டோக்கன். அந்த வட்டத்துக்குக் கீழே ஒரு பெயர் எழுதலாம். அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்பதைத்தான் பேசப்போகிறேன்.

"இதற்கு ஒரு கூட்டமா?" என்று நினைக்கலாம். நம் கீழ்த்தளத்து மின்மீட்டர் அறையை நினைத்துப் பாருங்கள். எந்த மீட்டர் எந்த வீட்டுக்கு என்று எழுதிய ஸ்டிக்கர் உரிந்துபோனால் என்ன ஆகும்? எலக்ட்ரீஷியன் வந்து ஒரு வீட்டு வேலைக்கு இன்னொரு வீட்டு ஃப்யூஸைப் பிடுங்குவார். பெயர்ச்சீட்டு சின்ன விஷயம்தான். அது தப்பாகப் போனால் யார் தலையில் விழும் என்பது சின்ன விஷயம் இல்லை.

இருநூறு ஆண்டுப் பழக்கம்

வரைபடத்தின்மேல் துண்டுகளை வைத்து, எது எந்தப் படை என்று குறிப்பது புதிய யோசனை இல்லை. பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824-ல் ஒரு போர்ப் பயிற்சி விளையாட்டுக்கு விதிநூல் வெளியிட்டார். 'க்ரீக்ஸ்ஷ்பீல்' என்று அதற்குப் பெயர். ஒரு பக்கம் சிவப்பு, இன்னொரு பக்கம் நீலம். ஒவ்வொரு துண்டிலும் அது காலாட்படையா, குதிரைப்படையா, பீரங்கியா என்று அடையாளம் இருக்கும்.

அதில் நமக்குத் தேவையான இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, நிறத்தோடு நிறுத்தாமல் குறியும் போட்டார்கள். இரண்டு, நடுவர் ஒருவர் இருந்தார். எதிரியின் கண்ணுக்கு எட்டக்கூடிய துண்டுகளை மட்டுமே அவர் வரைபடத்தில் வைப்பார். எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்பது அவர் பொறுப்பு. இன்றைய கேம் மாஸ்டர் அந்த நடுவரின் பேரப்பிள்ளைதான். ஆகவே பெயர்ச்சீட்டு எழுதும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது யார் என்று தெரிகிறதா? இதை அடுத்ததிலிருந்து பிரித்துச் சொல்ல முடிகிறதா? இதை யார் யார் தெரிந்துகொள்ளலாம்?

ஆறு கோப்ளின், ஒரே முகம்

முதலில் பிரித்துச் சொல்வது. ஆறு கோப்ளின்கள் வரைபடத்தில் நிற்கின்றன. ஆறுக்கும் ஒரே படம், ஒரே பெயர். ஒரு பிள்ளை, "அந்த ஓரத்துல இருக்கறதை அடிக்கிறேன்" என்கிறது. "எந்த ஓரம்?" "மரத்துக்குப் பக்கத்துல." "எந்த மரம்?" இந்த விசாரணை முடிவதற்குள் அடுத்த வீட்டுப் பிள்ளை போனை எடுத்துவிடும். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஐந்தாம் பதிப்பின் 2014 நூலில் ஒரு சாதாரணக் கோப்ளினுக்கு 7 உயிர்ப்புள்ளிகள். ஒருவர் 5 புள்ளி சேதம் செய்த கோப்ளின் ஒன்று, கேம் மாஸ்டர் 5-ஐக் கழித்த கோப்ளின் வேறொன்று என்றால், அடுத்து அடிப்பவரின் கணக்கு கெட்டுப்போகும். நன்றாக விளையாடிய பிள்ளைக்குத் தோல்வி வரும். ஏன் என்று அதற்குத் தெரியவும் தெரியாது.

எளிய வழி எண் போடுவது. கோப்ளின் 1, கோப்ளின் 2 என்று. ஒரே வகை டோக்கனைப் பலமுறை வைக்கும்போது தானாகவே எண் கூட்டிக்கொள்ளும் வசதி ஃபவுண்ட்ரியில் உண்டு. ஆனால் எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த விளையாட்டு முழுவதும் எண்கள்தான். பகடையில் 14, சேதம் 6, தூரம் 30 அடி. அதற்கு நடுவில் "மூணை அடிச்சேன், ஆறு" என்றால் மூன்றாம் கோப்ளினுக்கு ஆறு சேதமா, ஆறாம் கோப்ளினுக்கு மூன்றா? ஹெட்போனில் பாதி வார்த்தை விட்டுப்போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் நான் சொல்வது, எண்ணுக்குப் பதில் கண்ணில் படும் ஓர் அடையாளத்தைப் பெயராக வையுங்கள். கிழிந்த தொப்பி, நீளக் காது, சிவப்புக் கச்சை, ஓட்டைக் கேடயம். "கிழிந்த தொப்பியை அடிக்கிறேன்" என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. கதைக்கும் உயிர் வரும். பெயர் கிடைத்தபிறகு அந்தக் கோப்ளினை அடிக்காமல் பேசிப் பார்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். ஃபவுண்ட்ரியில் பெயருக்கு முன்னால் ஏதாவது ஒரு பண்புச்சொல்லைத் தானாகச் சேர்க்கும் வசதியும் இருக்கிறது. அது ஆங்கிலச் சொல்லாக வரும். நம் பிள்ளைகளோடு விளையாடும்போது நாமே தமிழில் எழுதிக்கொள்வது நல்லது.

ஒரு நிபந்தனை. டோக்கனில் எழுதிய பெயரும், யார் முறை அடுத்து என்று காட்டும் பட்டியலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வரைபடத்தில் 'நீளக் காது', பட்டியலில் 'கோப்ளின் 4' என்றிருந்தால் பெயர் வைத்ததன் பயன் போய்விடும்.

பெயரே உளவு சொல்லிவிடக் கூடாது

இரண்டாவது, யார் தெரிந்துகொள்ளலாம் என்பது. ஊர்ச் சந்தையில் ஒரு துணி வியாபாரி. உண்மையில் அவர் மனித உருவம் எடுத்து வந்த மாயாவி. அது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிய வேண்டும். கேம் மாஸ்டர் மாயாவி என்று பெயரிட்ட டோக்கனை எடுத்து, படத்தை மட்டும் மாற்றி வைக்கிறார். யாரோ சுட்டியை மேலே கொண்டுபோகிறார்கள். மூன்று வாரக் கதை மூன்று நொடியில் முடிந்தது.

ரோல்20-ல் டோக்கனுக்குப் பெயர் கொடுப்பது ஒன்று, பெயர்ப்பலகையைத் திறந்து வைப்பது ஒன்று, அதை மற்றவர்கள் பார்க்கலாமா, திருத்தலாமா என்ற அனுமதி இன்னொன்று. மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஃபவுண்ட்ரியில் பெயரை ஒருபோதும் காட்டாதே, உரியவருக்கு மட்டும் காட்டு, சுட்டியை மேலே வைத்தால் காட்டு, எப்போதும் எல்லோருக்கும் காட்டு என்று பல நிலைகள் இருக்கின்றன. பாத்திரத்துக்கு ஒரு பெயரும் அதன் டோக்கனுக்கு வேறு பெயரும் வைக்கலாம். உள்ளே 'மாயாவி', வெளியே 'துணி வியாபாரி'. இதைத்தான் செய்ய வேண்டும்.

எல்லாம் சரியாக அமைத்துவிட்டோம் என்று நம்பி உட்காராதீர்கள். ரோல்20-ல் விளையாடுபவராக மறுபடி உள்ளே நுழைந்து பார்க்கலாம். ஃபவுண்ட்ரியில் இன்னொரு உலாவியைத் திறந்து ஒரு விளையாட்டாளர் கணக்கில் நுழையலாம். உங்கள் திரையில் தெரிவது அவர்கள் திரையில் தெரிவதில்லை. அவர்கள் திரையில் தெரிவது உங்களுக்கும் தெரியாது. போய்ப் பார்த்தால்தான் உண்டு.

இதில் இன்னொரு நுணுக்கம். சத்திரத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்பது பேருக்குக் கீழே ஒன்றும் இல்லை, ஒருவருக்கு மட்டும் அழகான பெயர். பிள்ளைகள் நேராக அவரிடம்தான் போவார்கள். யாரும் உளவு சொல்லவில்லை, பெயர் இருந்ததே உளவு. பெயர் வைத்தால் பத்துப் பேருக்கும் வையுங்கள், இல்லையென்றால் ஒருவருக்கும் வேண்டாம்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்

மூன்றாவது விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பச்சை வட்டம் நம்மவர், சிவப்பு வட்டம் எதிரி என்று வைப்பது பல குழுக்களில் வழக்கம். உயிர்ப்புள்ளி நிறைய இருந்தால் பச்சைக் கோடு, குறைந்தால் சிவப்பு. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12-ல் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. பெண்களில் அது சுமார் 200-ல் ஒருவர். நம் நாட்டில் விகிதம் அதைவிடக் குறைவு. ஆனாலும் நம்மைப் போன்ற ஒரு குடியிருப்பில் ஓரிரண்டு பிள்ளைகள் இருக்கலாம். பல குழந்தைகளுக்குத் தங்களுக்கு அப்படி இருப்பதே தெரியாது. எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பிள்ளை நம்மவரையே அடித்துவிட்டால், கூட விளையாடுபவர்கள் சிரிப்பார்கள். கவனம் இல்லை என்பார்கள். இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாம் வாரம் அது விளையாட வராது. காரணமும் சொல்லாது. இதைத் தடுக்கப் பணம் வேண்டாம், புது மென்பொருள் வேண்டாம். எதிரிக்குச் சதுர விளிம்பு, நம்மவருக்கு வட்ட விளிம்பு என்று வைத்தால் போதும். அல்லது எதிரி பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. நிறம் இருக்கட்டும், அது மட்டும் போதாது. இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான உலகளாவிய வழிகாட்டு நெறிகளும் இதையே சொல்கின்றன. ஒரு செய்தியைச் சொல்ல நிறம் ஒன்றே வழியாக இருக்கக் கூடாது.

எழுத்தின் அளவும் அப்படித்தான். பெரிய மானிட்டரில் எழுதும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். எதிர்முனையில் ஒருவர் ஏழு வருடப் பழைய லேப்டாப்பில் இருப்பார். பேரனோடு விளையாட உட்கார்ந்த தாத்தா ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். வரைபடத்தைப் பாதி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் பெயர் படிக்கிற மாதிரி இருந்தால் சரி. இருட்டுக் குகை வரைபடத்தின்மேல் கறுப்பு எழுத்து வேண்டாம். ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல். 'வடமலைக் கோட்டையின் மூத்த காவல் தளபதி' என்று எழுதினால் பக்கத்துக் கட்டத்து ஆளையும் அந்தப் பெயர் மூடிவிடும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. நம் எழுத்தில் புள்ளியும் கொம்பும் காலும் சின்ன அளவில் மங்கிவிடும். 'ர'வும் காலும் ஒன்றுபோலத் தெரியும். 'ன', 'ண' இரண்டையும் பிரிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். ஆகவே மணி, மாணி, மாறன், மாரன் என்று ஒரே சாயலில் பெயர்களை ஒரே சண்டையில் நிறுத்தாதீர்கள். முதல் எழுத்தே வேறுவேறாக இருக்கட்டும். கணினிக்குப் புள்ளியும் ஒரு தனிக் குறியீடுதான் என்பதால், நீளப் பெயரை ஒரு மென்பொருள் பாதியில் வெட்டினால் 'வேல்' என்பது 'வேல' ஆகிவிடக்கூடும். சுருக்க வேண்டுமென்றால் நாமே சுருக்கிக்கொள்வது உத்தமம்.

பழைய பலகையைக் கழற்றுங்கள்

சண்டையில் சிலருக்கு விஷம் ஏறும், சிலர் மயங்கி விழுவார்கள். அதைக் காட்ட டோக்கனின்மேல் சின்னச் சின்னக் குறிகள் ஒட்டும் வசதி இந்தத் தளங்களில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் லிஃப்ட் சரியாகி இரண்டு நாள் ஆனபிறகும் 'பழுது' என்ற பலகை தொங்கினால் என்ன நடக்கும்? மூட்டு வலிக்காரர் நாலு மாடி படியேறுவார். விஷம் இறங்கிய பிறகும் விஷக்குறி இருந்தால் அந்தப் பிள்ளை தேவையில்லாமல் பயந்து, அருமையான ஒரு முறையை மருந்து தேடியே வீணாக்கும். முடிந்துபோன குறியை எடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். கேம் மாஸ்டருக்கு ஏற்கெனவே பத்து வேலை. குறி பார்க்கும் வேலையை ஒரு பிள்ளையிடம் ஒப்படைத்தால் அது பெருமையாகச் செய்யும்.

பெற்றோர்களுக்கு

கடைசியாக, விளையாட்டையும் தாண்டிய ஒன்று. நம் பிள்ளைகள் நம் பிளாக் பிள்ளைகளோடு மட்டும் விளையாடுவதில்லை. முகம் தெரியாதவர்கள் சேரும் ஆட்டங்களிலும் சேர்கிறார்கள். டோக்கனில் எழுதுகிற பெயர் அந்த மேசையில் இருக்கும் எல்லோர் திரையிலும் தெரியலாம். யாராவது திரையைப் படம் பிடித்துப் போட்டால் இன்னும் பலருக்குத் தெரியும். அதனால் டோக்கனில் பிள்ளையின் சொந்தப் பெயர் வேண்டாம். பள்ளிப் பெயர், வகுப்பு, பிளாக், வீட்டு எண் எதுவும் வேண்டாம். 'பி பிளாக் புலி' என்பது வேடிக்கையாகத்தான் இருக்கும். நம் குடியிருப்பை அறிந்த ஒருவருக்கு அது முகவரி. பாத்திரத்தின் பெயர் மட்டும் போதும். கணக்கின் காட்சிப் பெயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டோக்கனில் ஒளித்ததை அது சொல்லிவிடலாம். புகைப்படத்தை டோக்கனாக வைப்பதும் அப்படியே. வரைந்த படம் வைக்கட்டும். பிள்ளையே வரைந்ததென்றால் இன்னும் நல்லது.

அடுத்து, பெயரை மாற்றும் உரிமை. அமைப்பில் எல்லோருக்கும் திருத்த அனுமதி கொடுத்துவிட்டால், ஒரு பிள்ளையின் டோக்கனுக்கு இன்னொரு பிள்ளை பட்டப்பெயர் எழுதலாம். குண்டு, கறுப்பு, திக்குவாய். எல்லோர் திரையிலும் அது தெரியும். வகுப்பறையில் முதுகில் சீட்டு ஒட்டுவதும் இதுவும் ஒன்றுதான். விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். அவரவர் டோக்கனை அவரவர் மட்டும் திருத்தும்படி வையுங்கள். அப்படியும் நடந்தால் கேம் மாஸ்டர் அந்த இடத்திலேயே ஆட்டத்தை நிறுத்திப் பெயரை மாற்ற வேண்டும், பிறகு பேச வேண்டும். பத்து நிமிடம் போனால் போகட்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பாத்திரத்துக்கு நீங்கள் வைத்த பெயரை எல்லோரும் அப்படியே கூப்பிட வேண்டும் என்று விரும்புகிறீர்கள் அல்லவா? மற்றவர்களின் பாத்திரத்தையும் அப்படியே கூப்பிடுங்கள். "ஏய் நீலக் கலர்" என்பது கூப்பிடுவதாகாது.

ஆட்டம் தொடங்கும் முன்

ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு டோக்கனுக்கும் தனிப்பெயர் இருக்கிறதா, முறைப் பட்டியலில் அதே பெயர்தானா, ரகசியம் எதுவும் வெளியே தெரிகிறதா, நிறம் தவிர வேறு அடையாளம் உண்டா, பாதி அளவில் படிக்க முடிகிறதா, பழைய குறிகள் எடுத்தாயிற்றா, பிள்ளைகளின் சொந்த விவரம் ஏதும் இல்லையே என்று பாருங்கள். இந்த ஏழையும் பார்த்துவிட்டால் மிச்சத்தைப் பகடை பார்த்துக்கொள்ளும்.

பிள்ளைகள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று கவலைப்படும் பெற்றோர்களுக்கு நான் சொல்வது, ஒருநாள் பக்கத்தில் போய் உட்காருங்கள். அறிவுரை வேண்டாம். "இது யாரு? இந்தப் பேரு ஏன் வெச்சே?" என்று ஒரு டோக்கனைக் காட்டிக் கேளுங்கள். அவ்வளவுதான், அரைமணி நேரம் நிற்காமல் பேசுவார்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் காபி நேரத்தில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.